புகார்: வைகை முகத்துவாரப் படகுச் சவாரியும் தென்கடல் பயணமும்

அனுப்புநர்:
முன்பதிவு செய்த வாடிக்கையாளர், பரமக்குடி.

பெறுநர்:
மேலாளர், படகுச் சுற்றுலா நிறுவனம், மண்டபம்.

நாள்: 03.02.2026

பொருள்: 24.01.2026 சனிக்கிழமை நடந்த "ஆறும் கடலும்" ஒருநாள் சுற்றுலா குறித்த புகார்.

ஐயா,

வணக்கம். மேற்படி தேதியில் நானும் என் மனைவியும் ஏழாம் வகுப்பு படிக்கும் மகளும் 71 வயதான என் அம்மாவும் உங்கள் சுற்றுலாவில் வந்தோம். காலையில் ஆற்றங்கரை என்ற ஊரில் வைகை முகத்துவாரச் சவாரி, மதியத்துக்கு மேல் மண்டபத்திலிருந்து தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கண்ணாடித் தளப் படகு. தலைக்கு 3,200 வீதம் 12,800 ரூபாய் முன்கூட்டியே கட்டிவிட்டேன். திரும்பி வந்து பத்து நாளாகிறது. உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு முறை போன் செய்தேன். "சொல்லிடுறோம் சார்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

முதலில் ஏன் வந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். அம்மா பிறந்தது கமுதிப் பக்கம் கரிசல் காட்டில். வாக்கப்பட்டு வந்தது பரமக்குடிக்கு. ஐம்பது வருடமாக வைகைக் கரையில் குடியிருந்தும் ஆற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறார். சித்திரையில் சாமி ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் இருந்தால் அந்த வருடம் நல்ல வருடம் என்பார். வருகிற தண்ணீரும் பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே தங்கிவிடும், மிஞ்சியதுதான் கடலுக்கு. அந்த மிச்சம் போய்ச் சேரும் இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கடலில் படகேறியதும் இல்லை. உங்கள் துண்டுப்பிரசுரத்தில் ஆறு கடலில் கலக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போவோம்டா" என்று அவரேதான் சொன்னார்.

காலைச் சவாரி தொடங்கியபோது எல்லாம் நன்றாகவே இருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அம்மா படகின் ஓரமாகக் கையை விட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். "லேசாத்தான் கரிக்குது. நம்ம தண்ணி இன்னும் இருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி தொட்டுப் பார்த்தார். மகளும் அவரோடு சேர்ந்துகொண்டாள். இன்னும் இரண்டு இடத்தில் பார்த்திருந்தால் ஆறு எங்கே முடிகிறது என்று நாக்காலேயே கண்டுபிடித்திருப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் ஒருங்கிணைப்பாளர் ஸ்பீக்கரைப் போட்டார். படகின் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. குத்துப்பாட்டு. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. அம்மா காதைப் பொத்திக்கொண்டார். குறைக்கச் சொன்னேன். "மத்தவங்க என்ஜாய் பண்றாங்க சார்" என்றார். படகில் இருந்த 22 பேரில் ஆடியது நான்கு பேர்.

நீர் வற்றிய நேரம் அது. முகத்துவாரத்து மணல் திட்டில் ஆலாக்களும் உள்ளான்களும் கூட்டமாக இருந்தன, நடுவே சங்குவளை நாரைகள் ஐந்தாறு நின்றன. உள்ளான் கைக்குள் அடங்கும் பறவை. அது வடக்கே எத்தனையோ ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியிருந்து நம் கரைக்கு வலசை வருகிறது. சேறு வெளியே தெரியும் அந்தச் சில மணி நேரத்தில்தான் அதற்கு இரை. திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பையும் இங்கேயே சேர்த்தாக வேண்டும். உங்கள் ஆள் படகைத் திட்டுக்கு நேராக விடச் சொல்லி, மோட்டாரை முறுக்கச் சொல்லி, கையைத் தட்டிக் கத்தினார். "எல்லாரும் வீடியோ எடுத்துக்கங்க, இப்ப பறக்கும்!" பறந்தன. ஒரு சுற்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தன. இரண்டாவது படகு பின்னால் வந்து அதையே செய்தது. மறுபடி பறந்தன. மூன்றாவது முறை அவை வந்து உட்காரவில்லை. என் மகள் கேட்ட கேள்வி: "அதுங்க சாப்பிட்டு முடிச்சிருச்சாப்பா?" நான் பதில் சொல்லவில்லை.

இப்படித்தான் நடத்த முடியும் என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குப் போயிருக்கிறேன். அங்கே வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். காட்டுக்குள் நுழைந்ததும் மோட்டாரைத் தணித்துவிட்டார் படகுக்காரர். சேற்றில் குத்தி நிற்கும் மூச்சுவேர்களைக் காட்டி, எந்த வேரடியில் எந்த நண்டு இருக்கும் என்று மெதுவான குரலில் சொன்னார். கொக்கு எங்களைப் பார்த்தது, பறக்கவில்லை. கரைக்கு வந்ததும் ஊர்ப் பெண்கள் நண்டு சூப் கொடுத்தார்கள். உங்களிடம் கொடுத்த பணத்தில் பாதி கூட அங்கே ஆகவில்லை.

சரி, கடலுக்கு வருகிறேன். வாடைக் காலத்தில் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கலங்கிக் கிடந்தாலும் தென்கடல் அடங்கியிருக்கும் என்று படகோட்டி அண்ணன் சொன்னார். அப்படியே இருந்தது. ஆனால் 22 பேருக்கு லைஃப் ஜாக்கெட் 15தான். அம்மாவுக்குத் தந்ததில் கொக்கியே இல்லை. கேட்டதற்கு ஒரு சணல் கயிற்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். முதன்முதலாகக் கடலில் இறங்கும் 71 வயது மனுஷிக்குச் சணல் கயிறு. நான் என்னுடைய ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை என்பதற்காக இதை நான் விடப்போவதில்லை.

மனோலித் தீவின் பக்கம் ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார் உங்கள் ஒருங்கிணைப்பாளர். படகோட்டி, "இங்க வேணாம் தம்பி, கல்லு இருக்கு" என்று இரண்டு தரம் சொன்னது என் காதில் விழுந்தது. இவர் கேட்கவில்லை. நங்கூரம் இறங்கியது. கண்ணாடி கீறல் விழுந்து மங்கிப்போயிருந்தாலும் அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நங்கூரத்தின் கொம்பு மணலில் இழுபட்டு வந்து, மான்கொம்பு மாதிரிக் கிளைத்திருந்த பவளத்தில் மாட்டியது. படகு காற்றுக்கு ஒருமுறை திரும்பியதும் கிளைகள் உடைந்து சரிந்தன. உடைந்த இடம் வெள்ளையாக இருந்தது. உள்ளே ஒளிந்திருந்த சின்ன நீல மீன்கள் வெளியே வந்து அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தன.

ஐயா, இந்தக் கரையில் தொழில் செய்யும் உங்களுக்கு இது தெரியாமல் இருக்காது. 1986-லேயே இங்குள்ள 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்துவிட்டார்கள். ஒரு காலத்தில் இந்தப் பவளக் கற்களை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனார்கள். அந்த 21-ல் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று தண்ணீருக்குள். மிச்சமிருந்த பவளமும் 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது வெளுத்து நிறையச் செத்தது. இன்றைக்கு உயிரோடு இருப்பது அத்தனையையும் தாண்டிப் பிழைத்தது. வன உயிரினச் சட்டத்தில் 2001 முதல் பவளத்துக்கும் புலிக்கும் ஒரே பட்டியல். அந்த இடத்துக்குப் போக வனத்துறை அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று உங்கள் ஆளிடம் நேராகவே கேட்டேன். "ஆபீஸ்ல இருக்கு" என்றார். அதன் நகல் எனக்கு வேண்டும்.

அப்புறம் ஒன்று நடந்தது. திரும்பும் வழியில் மோட்டார் நின்றுவிட்டது. டீசல் வடிகட்டியில் அடைப்பு என்றார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்பீக்கரையும் அணைத்தார்கள். பத்து நிமிடம் இருக்கும். படகில் அலை தட்டும் சத்தம் மட்டும். அம்மாதான் முதலில் திரும்பினார். "யாரோ மூச்சு விடுறாங்க" என்றார். ஓங்கில்கள், அதாவது டால்பின்கள். எங்களிடமிருந்து ஒரு வீட்டு வாசல் தூரத்தில் மூன்று முதுகுகள் வரிசையாக எழும்பி மூழ்கின, ஒன்றின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு குட்டி. எழும்பும்போதெல்லாம் 'புஸ்' என்று அந்த மூச்சு. ஒருவரும் பேசவில்லை. காலையில் ஆடிய பையன்கள் கூடப் பேசவில்லை. அம்மா என் மகளின் கையைப் பிடித்து மடியில் வைத்திருந்தார்.

மோட்டார் ஓடத் தொடங்கியதும் உங்கள் ஒருங்கிணைப்பாளர் என்ன செய்தார் தெரியுமா? "விரட்டுங்க, இன்னும் கிட்டக் காட்டலாம்" என்றார். குட்டியோடு போகிறவற்றைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தது படகு. "விடுங்கப்பா, அது பாட்டுக்குப் போகட்டும்" என்று அம்மா சத்தமாகவே சொன்னார். அன்றைக்கு முழுவதும் அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

கடைசியாக உங்கள் விளம்பரம். "கடற்பசுவை 100% காணலாம்" என்று போட்டிருக்கிறீர்கள். மூச்சு விட வரும் நேரம் தவிர தண்ணீருக்குள்ளேயே கடற்புல் மேய்ந்துகொண்டிருக்கும் பிராணி அது. ஆவுளியா என்று கடற்காரர்கள் சொல்லும் அந்தக் கடற்பசுவைக் கண்ணால் பார்த்ததே இரண்டு தடவைதான் என்று முப்பது வருடம் கடலுக்குப் போன உங்கள் படகோட்டியே சொன்னார். எண்ணிக்கை அவ்வளவு அருகிவிட்டதால்தான் 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர் கடலை அதற்கென்றே பாதுகாப்பகம் ஆக்கினார்கள். அதைக் காட்டுவதாக உத்தரவாதம் கொடுத்துப் பணம் வாங்குவது பொய்.

நான் கேட்பது இதுதான். தலைக்கு 2,000 வீதம் வாங்கிய கடல் பயணக் கட்டணம் 8,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். கடற்பசு வாசகத்தைத் துண்டுப்பிரசுரத்திலிருந்து எடுக்க வேண்டும். ஸ்பீக்கரை இறக்குங்கள். பறவைத் திட்டுக்கும் ஓங்கிலுக்கும் பக்கத்தில் மோட்டாரைத் தணிக்க எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுங்கள். எங்கே நிறுத்தலாம், எங்கே கூடாது என்பதில் படகோட்டியின் பேச்சே கடைசிப் பேச்சாக இருக்கட்டும். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்தக் கடிதத்தால் அவர் வேலைக்கு ஒன்றும் வரக்கூடாது. ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இல்லாமல் படகு கரையை விட்டு நகரவே கூடாது.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். நங்கூரம் விழுந்த வீடியோவை வனத்துறைக்கு இன்றே அனுப்பிவிட்டேன், அதற்கு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

அம்மா இன்னொரு முறை முகத்துவாரத்துக்குப் போக வேண்டும் என்கிறார். ஆறு முடியும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் வந்துவிட்டோமாம். அடுத்த மாதம் ஊர்க்காரர் யாருடைய வள்ளத்திலாவது கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: கட்டண ரசீது நகல், துண்டுப்பிரசுரம், நங்கூரம் விழுந்த வீடியோ (40 விநாடி), கொக்கி இல்லாத ஜாக்கெட்டின் புகைப்படம்.