பழசாக்கும் வேலை

ஜொகூர் பாரு
ஜனவரி 2017

கோபாலு,

திட்டத்தான் போகிறாய், முதலில் திட்டி முடி. தீபாவளி வாழ்த்துக்குக்கூட நான் பதில் போடவில்லை. இங்கே எல்லோரும் சுகம். அக்காவுக்குத்தான் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நான் செட்டுக்கு வர்ணம் அடித்த நெட்ஃப்ளிக்ஸ் தொடர், மார்க்கோ போலோ, முடிந்துபோனது. இரண்டு சீசனோடு சரி, மூன்றாவது கிடையாது என்று டிசம்பரில் அறிவித்துவிட்டார்கள். 200 மில்லியன் டாலர் நட்டம் என்று செய்தியில் படித்தேன். நான் வாங்கிய தினக்கூலியால் வந்த நட்டமில்லை, அதுவரை ஆறுதல்.

2014-ல் உனக்கு எத்தனை பக்கம் அளந்தேன்! நுசாஜெயாவில், லெகோலேண்ட் பக்கத்தில், பைன்வுட் என்று லண்டன் பேர் போட்ட ஸ்டூடியோ. பத்து எபிசோடுக்கு 90 மில்லியன் அமெரிக்க டாலர் என்று பேப்பரில் வந்ததைக் கத்தரித்து உனக்கு அனுப்பினேன். இங்கே செலவழித்தால் நம் அரசாங்கம் 30 விழுக்காட்டைத் திருப்பிக் கொடுக்கிறது, இனி வெள்ளைக்காரன் வரிசையில் நிற்பான் என்று எழுதினேன். அப்புறம், குப்லாய் கானாக நடித்த பெனடிக்ட் வோங்கோடு உட்கார்ந்து தே தாரிக் குடித்தேன் என்றது சுத்தப் பொய். கம்பளி உடுப்போடு அவர் நடந்து போனதைத் தூரத்திலிருந்து பார்த்தேன், அவ்வளவுதான். நீ அப்போதே நம்பியிருக்க மாட்டாய், புலி வால் கேஸுக்குப் பிறகு என் பேச்சை நீ எங்கே நம்பினாய்?

ஆனால் வேலையைப் பற்றி எழுதியது ஒன்றும் பொய்யில்லை. போர்டு எழுதியும் கோயிலுக்கு வர்ணம் அடித்தும் முப்பது வருஷம் பழசைப் புதுசாக்கியே பிழைத்தவன் நான். அங்கே எல்லாம் தலைகீழ். புதுப் பலகையைக் கம்பி பிரஷால் தேய்த்து ரேகையை எழுப்பி, நெருப்பு காட்டிக் கருக்க வேண்டும். கல் தூண் என்பது வெறும் ஃபோம்தான். செதுக்கி, மேலே பூசி, சாம்பல் நிறம் அடித்துக் காய்ந்ததும், தண்ணீராய்க் கரைத்த பழுப்பை மேலிருந்து வழியவிட்டு, துணியால் பாதியைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காத மீதிதான் எழுநூறு வருஷம். தரையோரம் கொஞ்சம் பாசிப் பச்சை. தொட்டுப் பார்த்தால்கூடக் கல் என்பாய், தட்டினால்தான் டொக் டொக் என்று மானம் போகும். முதல் வாரம் நான் நேராக, சுத்தமாக அடித்து வைத்ததைப் பார்த்து சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டான். “அங்கிள், யாரோ இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்” என்றான். அந்தப் பேச்சு இன்னும் காதில் நிற்கிறது.

கை கெட்டுவிட்டதடா. போன வாரம் கோயிலில் தைப்பூசத்துக்காக மண்டபத் தூணுக்கு வர்ணம். மஞ்சளும் சிவப்பும் பளபளவென்று அடித்து முடித்தேன். பிறகு என்ன நினைப்பில் இருந்தேனோ, அடிப்பக்கம் பழுப்பை வழியவிட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். தலைவர் வந்து பார்த்துவிட்டு, “மணியம், தண்ணி கிண்ணி போட்டியா?” என்றார். அத்தனை பேர் முன்னால்! வீட்டுக்காரி இரண்டு நாளாய்ச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

சிரிக்க முடியாத ஒன்று இருக்கிறது. அக்கா மகன் சிவா. சிங்கப்பூர் பேக்டரியில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான். காலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, ராத்திரி ஒன்பதுக்கு வீடு. அவனைக் கூப்பிட்டு, “இதில் வாடா, கைத்தொழில் கற்றுக்கொள்” என்று இரண்டாம் சீசனில் சேர்த்துவிட்டது நான்தான். அக்கா வேண்டாம் என்றாள். கேட்டேனா? பையன் என்னைவிடக் கெட்டிக்காரன். அவன் இழைத்துக் கருக்கிய கதவைப் பார்த்தால் கரையான்கூட ஏமாந்துபோகும். இப்போது வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பழைய இடத்தில் வேறு ஆள் போட்டாயிற்று. ஸ்டூடியோவுக்கு வேறு படம் வரும், வராமல் போகாது. ஆனால் எப்போது என்று யாரைக் கேட்பது? மோட்டார் சைக்கிள் தவணை மாதம் பிறந்தால் வந்து நிற்கிறது. என்னை அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை. சாப்பிட உட்கார்ந்தால் அக்கா என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அதனால்தான் கேட்கிறேன். உங்கள் ஈப்போ பழைய டவுனில் கடைவீடுகளையெல்லாம் காபிக் கடையாக மாற்றுகிறார்கள், காரை பேர்ந்த சுவருக்கும் கறுத்த பலகைக்கும்தான் மவுசு என்று நீதானே சொல்லிச் சிரித்தாய்? அந்த வேலை எடுத்துச் செய்யும் கான்ட்ராக்டர் யாரையாவது உனக்குத் தெரியுமா? சிவா செய்த கதவின் படம் இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். காட்டு. மாமன் சிபாரிசு என்று மட்டும் சொல்லாதே.

தைப்பூசத்துக்கு உங்கள் ஊர்க் கல்லுமலைக் கோயிலுக்கு வருகிறோம், அவனையும் கூட்டிக்கொண்டு. முதல் நாள் ராத்திரி உன் வீட்டில்தான் தங்கல். உன் வீட்டுக் கேட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லாதே, நான் இப்போதிருக்கும் கைக்கு அது எப்படி வரும் என்று சொல்ல முடியாது.

மணியம்