மைக்செட் அண்ணனுக்கும் ஊராருக்கும் நன்றி

கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் என்னிடம் ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர்களுக்கும், அவர்களின் பெற்றோருக்கும், ஊரார் அனைவருக்கும் வணக்கம்.

நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள். அவற்றை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. கோயம்புத்தூர் மருத்துவமனை வரை வந்து எனக்கு இரத்தம் கொடுத்தவர்கள், என் தாயாருக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தார், வகுப்பறை வாடகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற கட்டட உரிமையாளர், கணினித் திரை வழியே இலக்கணம் நடத்திய நண்பர்கள் ஆகிய எல்லோருக்கும் என் நன்றி.

மைக்செட் அண்ணன் செய்ததை நான் வீடு திரும்பிய பிறகே அறிந்தேன். ஜப்பானில் முதியோர் பராமரிப்புப் பணிக்குச் செல்ல ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் ஐந்து நிலைகளில் கீழிருந்து இரண்டாவதான என்4 நிலையோ அதற்கு ஈடான தேர்ச்சியோ வேண்டும். என்4 நிலையில் மொத்தம் 180க்கு 90 எடுத்தாலும், கேட்டல் பகுதியில் 60க்கு 19 எடுக்காதவர் தேர்ச்சி பெற இயலாது. தேர்வு அரங்கில் ஒலிப்பதிவு ஒலிபெருக்கி வழியே ஒரே ஒரு முறைதான் ஓடும். கைபேசியில் கேட்டுப் பழகியது அரங்கில் உதவுமோ என்று ஒரு மாணவி அவர் கடையருகே நின்று வருந்தியிருக்கிறாள். அன்று மாலையே அவர் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியையும் ஆம்ப்ளிஃபயரையும் வகுப்பில் கொண்டுவந்து வைத்துவிட்டார். கார்த்திகை மாதத்தில் கல்யாணங்களும் ஐயப்பன் விளக்கு விழாக்களும் அடுத்தடுத்து வரும் என்பதால், அந்தப் பெட்டியை வெளியே அனுப்பாமல் இருந்ததில் அவருக்கு எவ்வளவு வருமானம் போயிருக்கும் என்பதை நம் ஊரார் அறிவர். அதோடு நில்லாமல், தேர்வு வரை மாலைதோறும் தாமே வந்தமர்ந்து ஒலிப்பதிவை ஓட்டியிருக்கிறார். ஜப்பானிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத அவர், தேர்வின் விதியைக் கேட்டறிந்த பின், பிள்ளைகள் எவ்வளவு கெஞ்சியும் முழுத்தாளும் முடியும்வரை எதையும் மறுபடி போடவில்லையாம். அந்த உறுதி ஓர் ஆசிரியருக்கே அரிது.

ஒசாகாவில் படித்த காலத்தில், ஓய்வுபெற்ற பெரியவர்கள் ஊதியமின்றி வெளிநாட்டினருக்கு மொழி சொல்லித்தரும் வகுப்பில்தான் என் பேச்சு திருந்தியது. அத்தகைய வகுப்பு ஒன்று நம் எல்லையூரில் வேண்டும் என்றுதான் வேலையை விட்டுத் திரும்பினேன். நான் இல்லாத நாட்களில் அதை நடத்திக்காட்டியவர் அண்ணன்.

தேர்வு முடிவு ஜனவரி இறுதியில்தான் தெரியும். கேட்டல் பகுதியை அஞ்சாமல் எழுதினோம் என்று பிள்ளைகள் சொல்வது இப்போதைக்கு எனக்குப் போதும். பொங்கல் கழிந்ததும் வகுப்பு மீண்டும் தொடங்கும். கட்டணம் கட்ட இயலாத பிள்ளைகளும் தயங்காமல் வரலாம். கேட்டல் பயிற்சிக்கு இனியும் அண்ணனின் பெட்டியே வரும். இதுவரைக்கும் வாடகை வாங்க மறுத்துவிட்ட அவர், இனி மாதந்தோறும் முறையான வாடகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊரார் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.