துண்டுச் சீட்டு இல்லாத மேடை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் 1979இல் டெலிபோன் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தவள். அப்போது வெளியூருக்குப் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஆபரேட்டர்கள் இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால்தான். "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கலாமா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. அப்படியும் நாலு பேர் முன்னால் எழுந்து நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பணி ஓய்வு விழாவில் "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

போன சனிக்கிழமை மாலை, மேடையில் பேசிப் பழகுவதற்காக எங்கள் பகுதியில் தமிழில் நடக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் என் முதல் உரையைப் பேசினேன். முதல் உரை நம்மைப் பற்றியே இருக்க வேண்டும். நான்கு முதல் ஆறு நிமிடம். நேரத்தைத் தெரிவிக்க நான்காவது நிமிடத்தில் பச்சை அட்டை காட்டுவார்கள், ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. ஒரு இரவுப் பணியைச் சொன்னேன். அம்மா இறந்த செய்தியை வெளியூரில் இருக்கும் தம்பிக்குச் சொல்ல ஒருவர் கால் போட்டிருந்தார். லைன் கிடைத்தது, அவருக்குப் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. மூன்று நிமிடம் தாண்டியது. அன்று மட்டும் நான் நடுவில் குறுக்கிடவில்லை.

என் உரையை மதிப்பிட்டவர் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் இளைஞர். "குறுக்கிடவில்லைன்னு சொன்னீங்களே அம்மா, அந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்தியிருக்கலாம். நாங்கள் அழுவதற்குள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள்" என்றார். என் பார்வை முதல் வரிசையைத் தாண்டவில்லை என்பதையும் சொன்னார். இன்னொருவர் நான் பேச்சின் நடுவே தேவையில்லாமல் பதினான்கு முறை 'வந்து' போட்டதைக் குறித்து வைத்திருந்தார். இத்தனை வயதில் என் பேச்சை இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

அப்புறம் திடீர்ப் பேச்சு. தலைப்பை அந்த நேரத்தில்தான் தருவார்கள், ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு 'எங்கள் தெருவில் மழை' என்று வந்தது. அரை நிமிடம் அவள் வாய் திறக்கவில்லை. யாரும் சிரிக்கவில்லை, செல்போனை எடுக்கவில்லை. பிறகு பேசினாள், ஒரு நிமிடத்தைத் தொட்டுப் பச்சை அட்டையும் வாங்கினாள்.

நம் ஊர்க் கூட்டங்களில் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று நீண்டு, சிறப்புரை தொடங்கும்போதே சீக்கிரம் முடிக்கச் சொல்லித் துண்டுச் சீட்டு போய்விடும். பேசியவருக்குப் பொன்னாடை கிடைக்கும். எந்த இடத்தில் தடுமாறினோம், எந்த இடம் நன்றாக இருந்தது என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. நன்றாகப் பேசுகிறவர்கள் இன்னும் பேசுகிறார்கள். மற்றவர்கள் காலமெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். பெண்களுக்கு இது இன்னும் கூடுதல். 1924இல் அமெரிக்காவின் சாண்டா அனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இந்த டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பே பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1973இல்தான்.

இப்போது எங்களுக்கு இடம்தான் பிரச்சினை. ஒரு டியூஷன் சென்டரின் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் கூடுகிறோம். முழங்கால் வலிக்காரர்கள் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் வாடகையும் ஏறுகிறது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் நடக்கிறது. அதே அறையை வாரத்தில் ஒரு மாலை, இரண்டு மணி நேரம், பேசிப் பழகுகிறவர்களுக்கும் தர நூலகத் துறை முன்வர வேண்டும். மைக் வேண்டாம், மேடை வேண்டாம். தரைத்தளத்தில் முப்பது நாற்காலி போதும். கூட்டம் முடிந்ததும் நாங்களே அடுக்கி வைத்துவிட்டுப் போவோம்.

தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் பட்டிமன்றங்களோடு இதுபோன்ற சிறு மன்றங்களுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். பார்வையாளராக வர கட்டணம் இல்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அது தெரியாமல் நான் இரண்டு மாதம் வாசலோடு திரும்பிப் போயிருக்கிறேன்.

- ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர், திருச்சி