ஃபிட்டிங் மாட்டும் முன்: பிஎஸ்பியா, என்பிடியா?
ஹைட்ராலிக் லைன் பார்க்கிறவங்க கவனத்துக்கு. அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் ஃபிட்டிங்ல பிஎஸ்பியா (பிரிட்டிஷ் பைப் மரை) என்பிடியா (அமெரிக்க பைப் மரை)ன்னு உறுதி பண்ணாம ஸ்பேனர் எடுக்காதீங்க. இந்த ரெண்டு சைஸிலயும் இஞ்சுக்கு 14 மரைதான். அதனால ஒண்ணுல ஒண்ணு ஏறிடும், டைட்டும் ஆகும். ஆனா மரைக் கோணம் பிஎஸ்பிக்கு 55 டிகிரி, என்பிடிக்கு 60. பிரஷர் ஏறினதும் கசியும். கால் இஞ்ச்ல பிஎஸ்பிக்கு இஞ்சுக்கு 19 மரை, என்பிடிக்கு 18; ஒரு இஞ்ச்ல பிஎஸ்பிக்கு 11, என்பிடிக்கு 11.5. அங்கே மாத்தி போட்டா சில சுத்துலயே இறுகிடும், மேல முறுக்கினா போர்ட் மரை போச்சு. பிட்ச் கேஜ் (மரை இடைவெளி பார்க்கிற பல் தகடு) வச்சு வெளிச்சத்துல பாருங்க.

பேரலல் பிஎஸ்பி (கூம்பாம நேரா போற மரை) போர்ட்டுக்கு டெஃப்ளான் டேப் வேண்டவே வேண்டாம். அங்கே மரை சீல் பண்றதில்ல, முகத்துல உட்கார்ற டவுட்டி வாஷர்தான் (ரப்பர் விளிம்பு ஒட்டின உலோக வளையம்) பண்ணுது. டேப் துணுக்கு ஆயிலோட போய் வால்வ் ஸ்பூல்ல (வால்வுக்குள்ள நகர்ற தண்டு) சிக்கும். கழட்டின வாஷர்ல ரப்பர் விளிம்பு நசுங்கியிருந்தா புதுசு போடுங்க.

கசிவு தேட கையை ஓட்டாதீங்க, அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்க. ஊசித் துளையில பீய்ச்சுற ஆயில் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வலி கம்மியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி போகணும். முறுக்குறதுக்கு முன்னாடி பம்பை நிறுத்தி, அக்குமுலேட்டர் (பிரஷரோட ஆயிலைச் சேர்த்து வைக்கிற கலம்) பிரஷரையும் இறக்கிடுங்க.