டிராகனுக்குத் தோள்பட்டை எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் சிறுவர் பக்கத்தில் டிராகன் வரையச் சொல்லிக் கொடுத்திருந்தீர்கள். படம் அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் கட்டம் கட்டி ஒரு குறிப்பும் போட்டிருந்தீர்கள்: நான்கு காலும் இரண்டு இறக்கையும் இருந்தால்தான் டிராகன், இரண்டே கால் இருந்தால் அது டிராகன் இல்லை, வைவர்ன். படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அடுத்த சில நாளில் எங்கள் பகுதிப் பள்ளி ஒன்றில் ஓவியப் போட்டி நடந்தது. எதிர்வீட்டுப் பையன் இரண்டு கால் டிராகன் வரைந்திருக்கிறான். உங்கள் பக்கத்தைக் கத்தரித்துக் கையில் வைத்திருந்த நடுவர், "இது தப்பு" என்று ஒதுக்கிவிட்டாராம்.

பையன் என்னிடம் வந்து சொன்னது: "டாக்டரம்மா, கை எங்கடான்னு கேட்டாங்க. றெக்கைதான் சார் கைன்னு சொன்னேன். சிரிச்சிட்டாங்க."

நான் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் அரசு கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மாடு, ஆடு, கோழி தவிர வேறெதற்கும் வைத்தியம் பார்த்ததில்லை. ஆனாலும் சொல்கிறேன், அந்தப் பையன் சொன்னது உடற்கூறு. நடுவர் சொன்னது ஆங்கிலேயப் பிரபுக்கள் தங்கள் கேடயத்தில் குடும்பச் சின்னம் பொறிக்கும் வழக்கம்.

குடும்பச் சின்னங்களை வகைப்படுத்தும்போது இங்கிலாந்தில் நாலு காலுக்கு ஒரு பெயர், இரண்டு காலுக்கு ஒரு பெயர் என்று பிரித்துக்கொண்டார்கள். ஐரோப்பாவின் மற்ற இடங்களில் அந்தக் கறார் இல்லை. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் இத்தாலிய ஓவியர் உச்செல்லோ 15ஆம் நூற்றாண்டில் வரைந்த புனித ஜார்ஜ் ஓவியம் இருக்கிறது. ஜார்ஜின் ஈட்டி பாயும் டிராகனுக்கு இரண்டே கால். அதை யாரும் போட்டியிலிருந்து நீக்கவில்லை.

இனி கதைகளுக்கு வருகிறேன். என் மகள் கல்லூரியில் படித்தபோது வாங்கிக் குவித்துவிட்டுப் போன ஆங்கில மாயக்கதைப் புத்தகங்களை ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். ஒரு ஆசிரியரின் டிராகன் இன்னொருவருடையதோடு ஒத்துப்போவதே இல்லை. டோல்கீனின் 'ஹாபிட்' 1937இல் வந்தது. அதில் வரும் ஸ்மாகை அவரே வரைந்திருக்கிறார்: நாலு கால், இரண்டு இறக்கை. 2013இல் வந்த திரைப்படத்தில் அதே ஸ்மாக் இறக்கையையே முன்னங்காலாக ஊன்றித் தங்கக் குவியல் மேல் ஊர்ந்து வருகிறது. டோல்கீனின் இன்னொரு டிராகனான கிளாவ்ருங்குக்கு இறக்கையே கிடையாது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் இரண்டு கால் கட்சி. பறவைக்கும் வௌவாலுக்கும் இரண்டு கால்தானே, நாலு காலோடு இறக்கையும் உள்ள பிராணி இயற்கையில் எங்கே இருக்கிறது என்பது அவர் வாதம். அவர் கதையிலிருந்து எடுத்த தொலைக்காட்சித் தொடரிலேயே கொடியில் நாலு கால் டிராகன் வந்ததற்கு அவரே குறைப்பட்டுக்கொண்டார்.

நான் மார்ட்டின் பக்கம். காரணம் தோள்பட்டை.

மாட்டுக்குக் காறையெலும்பு, அதாவது நமக்குத் தோளையும் நெஞ்செலும்பையும் இணைக்கும் எலும்பு, கிடையாது. முன்னங்காலுக்கும் உடம்புக்கும் நடுவில் எலும்பு மூட்டே இல்லை. தசைகள்தான் தொட்டில் கட்டினாற்போல நெஞ்சுக்கூட்டைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. நம் மாவட்டத்தில் எருது விடும் விழாவில் காளை ஓடி வரும்போது தோலுக்கடியில் அந்தத் தோள்பட்டை எலும்பு முன்னும் பின்னும் வழுக்கிப் போவதைப் பார்க்கலாம். அந்த இடத்துக்கு மேல் இறக்கை வைக்க வேண்டுமென்றால் இன்னொரு ஜோடி தோள்பட்டை வேண்டும். அதை எங்கே வைப்பது? ஓடும்போது ஒன்றின் மேல் ஒன்று உரசாதா? கோழியை அறுத்துப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இறக்கையை அடிக்கும் தசை முதுகில் இல்லை, நெஞ்சில் இருக்கிறது. நெஞ்செலும்பின் நடுவே எழும்பி நிற்கும் தகட்டில் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் அந்தச் சதைதான் நாம் விரும்பித் தின்பது. இறக்கையை மேலே தூக்கும் தசைகூட அங்கேதான் இருக்கிறது. அதன் நாண் தோள்மூட்டில் உள்ள ஒரு துளை வழியாக மேலேறிக் கப்பி இழுப்பு போடுகிறது. புறாவுக்கு உடல் எடையில் கால் பங்குக்கு மேல் பறக்கும் தசை. பெரும்பாலான ஓவியர்கள் டிராகனுக்கு நாயின் நெஞ்சை வரைந்து, முதுகில் இரண்டு இறக்கையை ஒட்டிவிடுகிறார்கள். அந்த இறக்கையை அசைக்க உள்ளே எதுவும் இல்லை.

முதுகெலும்புள்ள பிராணிகளில் இதுவரை சுயமாகச் சிறகடித்துப் பறந்தவை மூன்றே கூட்டம்: பறவை, வௌவால், டைனோசர் காலத்து டெரோசார். மூன்றுமே கையைத்தான் இறக்கையாக்கின. வௌவால் நாலு விரலை விரித்தது. டெரோசார் ஒரே விரலை நீட்டித் தோலைக் கட்டியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பறக்கும் ஓணான் மட்டும் நாலு காலையும் வைத்துக்கொண்டு, விலா எலும்புகளை வெளியே நீட்டித் தோல் விரிக்கிறது. ஆனால் அதனால் மரத்துக்கு மரம் சறுக்கத்தான் முடியும், இறக்கை அடிக்க முடியாது. அதற்கு விலங்கியலார் வைத்த பேரினப் பெயர் டிராகோ என்பதை உங்கள் சிறுவர் பக்கக்காரர்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

இதற்காக நாலு கால் டிராகனே கூடாது என்று சொல்ல வரவில்லை. கதாசிரியர் அதற்கு வழி செய்திருந்தால் சரி. ஆன் மெக்காஃப்ரி 1960களில் தொடங்கிய கதைகளில் பெர்ன் என்ற கிரகத்துப் பிராணிகளுக்கே ஆறு உறுப்பு. சின்னஞ்சிறு நெருப்புப் பல்லிகளிலிருந்துதான் டிராகன்களை உருவாக்குகிறார்கள், அதனால் ஆறு உறுப்பு இயல்பாக வந்துவிடுகிறது. இன்னொரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடித்தது. அந்த டிராகன்களுக்கு இரண்டாவது வயிறு உண்டு. நெருப்புக்கல்லை மென்று அதில் இறக்கினால் பாஸ்பின் என்ற எரியும் வாயு உண்டாகி வாய் வழியாக எரிந்து வெளிவருகிறது. படித்ததும் எனக்குப் பொய்கைச் சந்தையில் அசைபோட்டு நிற்கும் மாடுகள்தான் நினைவுக்கு வந்தன. மாட்டின் முதல் வயிற்றில் நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேன் உருவாகிறது, பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியாகத்தான் போகிறது. பொறி ஒன்றுதான் குறை. வயிறு உப்பிய மாட்டுக்கு விலாவில் குழாய் குத்திக் காற்றை இறக்கும்போது பக்கத்தில் பீடி பிடிக்கிறவர்களை நான் விரட்டியதற்குக் காரணம் இதுதான். மாட்டுக்காரர்கள் அதை டாக்டரம்மாவின் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எடைப் பிரச்சினையும் இருக்கிறது. நீளத்தை இரட்டித்தால் இறக்கைப் பரப்பு நாலு மடங்குதான் ஆகும், எடையோ எட்டு மடங்கு. பறந்தவற்றிலேயே மிகப் பெரிய டெரோசாருக்கு இறக்கை விரிப்பு 10 மீட்டரைத் தாண்டும். எடை 200, 250 கிலோ இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள், நம் ஊர்க் காளை ஒன்றில் பாதி. பீட்டர் டிக்கின்சன் 1979இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். டிராகனின் உடம்பு முழுக்க ஹைட்ரஜன், மிஞ்சிய வாயுவை எரித்துத் தள்ளுவதுதான் நெருப்பு என்கிறார். நவோமி நோவிக்கின் டிராகன்களுக்கு உள்ளே காற்றுப்பைகள். காற்றுப்பை கோழிக்கும் உண்டு என்பதால் இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பல டன் எடையைத் தூக்க அது போதாது. சீன டிராகன் இந்தத் தொல்லைக்கே போகவில்லை. மான் கொம்பு, கெண்டைமீன் செதில், கழுகு நகம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு இறக்கையை மட்டும் விட்டுவிட்டது.

2010இல் வந்த 'ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்' அனிமேஷன் படத்தின் கறுப்பு டிராகன் டூத்லெஸ்ஸுக்கு நாலு காலும் இரண்டு இறக்கையும் உண்டு. தோள்பட்டைக் கணக்கில் அதற்கும் மதிப்பெண் குறைப்பேன். ஆனால் வால் நுனியில் ஒரு பக்கத் துடுப்பு போய்விட்டதால் அதனால் பறக்க முடியாமல் போகிறது, கதையில் வரும் பையன் ஒரு செயற்கைத் துடுப்பு செய்து பொருத்துகிறான். முழுக் கதையும் ஒரு உறுப்பின் வேலையைச் சுற்றியே நடக்கிறது. அந்தப் படம் எடுத்தவர்களுக்கு என் வணக்கம்.

நம் மரபில் கால் கணக்குக்கு யாரும் அளவுகோல் பிடித்ததில்லை. காமதேனுவுக்கு நாலு காலோடு இறக்கையும் உண்டு. கருடாழ்வாருக்குக் கை, கால், இறக்கை என்று ஆறு. சரபத்துக்கு எட்டுக் கால் என்கின்றன நூல்கள், அதற்கு மேல் இறக்கை வேறு. திரிபுவனத்தில் சரபேஸ்வரராகக் கும்பிடுகிறோம். வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் பின்னங்காலில் எழும்பி நிற்கும் யாளிகளைப் போய்ப் பாருங்கள். சிங்க உடம்பும் வேறு பிராணிகளின் முகமுமாகச் சேர்த்திருந்தாலும் முன்னங்கால் எந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டுமோ அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் சிற்பி மாட்டையும் குதிரையையும் கிட்டத்தில் நின்று பார்த்தவர்.

அடுத்த ஞாயிறு அந்தக் கட்டச் செய்திக்கு ஒரு வரித் திருத்தம் போடுங்கள்: இரண்டு காலும் டிராகன்தான், நாலு காலும் டிராகன்தான். போட்டி நடத்துகிறவர்கள் காலை எண்ணுவதற்குப் பதிலாக, இறக்கையை அசைக்கும் சதை எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேட்கட்டும். கூடவே கோழியின் எலும்புக்கூட்டுப் படம் ஒன்றும் வெளியிட்டால் நல்லது. உங்களிடம் இல்லையென்றால் என் பழைய பாடப்புத்தகத்தில் தெளிவான படம் இருக்கிறது, நகல் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.