பாப்பாவுக்கு, உன் பிரஷர் விஷயமாக

அன்புள்ள பாப்பாவுக்கு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆபீஸ் செக்கப்பில் பிரஷர் 138/88 வந்ததற்குக் காபிதான் காரணம், மீட்டிங்தான் காரணம் என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டாய். இருக்கலாம். ஆனால் நீ 32 வாரத்தில் பிறந்தவள். அதை அந்த டாக்டரிடம் சொன்னாயா?

அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்பாய். நான் விலங்கியல் நடத்தின காலத்தில், சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டிச் சிறுநீராக்கும் நுண்குழாயான நெஃப்ரானின் படம் போட்டுப் பாகம் குறிக்க வைத்ததோடு பாடம் முடிந்துவிடும். அது கருவில் எப்படி உருவாகிறது என்பதுதான் உண்மையில் சுவாரசியம். ஒரு சின்ன மொட்டு பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்து கிளை கிளையாகப் பிரியும். கிளை நுனிகளை ஒட்டி நெஃப்ரான்கள் உண்டாகும். 1950களில் கிளிஃபோர்ட் குரோப்ஸ்டைன் எலிக் கருவில் இந்த இரண்டையும் பிரித்துத் தனியே வளர்க்கப் பார்த்தார். இரண்டுமே முன்னேறவில்லை. சேர்த்து வைத்ததும் மொட்டு கிளைவிட்டது, திசு குழாயாக மாறியது. மொட்டை வரச்சொல்லிக் கூப்பிடும் புரதம் ஜி.டி.என்.எஃப். அதை உண்டாக்கும் மரபணு இல்லாத எலிகளை 1996இல் உருவாக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவை சிறுநீரகமே இல்லாமல் பிறந்தன.

மனிதக் கருவில் இந்த வேலை ஏறத்தாழ 36ஆம் வாரத்தில் முடிகிறது. பாதிக்கு மேற்பட்ட நெஃப்ரான்கள் கடைசி மூன்று மாதத்தில்தான் உருவாகும். முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்கு வெளியே வந்த பிறகும் சில வாரம் வேலை நடக்கும், ஆனால் உள்ளே இருந்தால் நடப்பதுபோல இல்லை. அப்புறம் வாழ்நாள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட வராது.

குறைந்தால் என்ன ஆகும் என்று கேட்டவர் பாஸ்டனில் இருந்த சிறுநீரக மருத்துவர் பேரி பிரென்னர். ஒரு குறிப்பிட்ட வகை எலிக்கு, நெஃப்ரானின் முனையில் ரத்தத்தை வடிகட்டும் முடிச்சுகளில் சில சிறுநீரகத்தின் மேற்பரப்பிலேயே இருக்கும். அதில் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகி உள்ளே இருக்கும் அழுத்தத்தையே அளந்தார்கள். சிறுநீரகத்தின் பெரும்பகுதியை எடுத்துவிட்டால் மிச்ச முடிச்சுகள், பத்துப் பேர் வேலையை நாலு பேர் பார்ப்பதுபோல, கூடுதலாக வடிகட்டும். அழுத்தம் ஏறும், நாளடைவில் தழும்பாகும். பிறவியிலேயே நெஃப்ரான் குறைந்தவர்களுக்கும் இதுதான் நடக்கிறதோ, ரத்த அழுத்தத்துக்கு இதுவும் ஒரு காரணமோ என்று 1988இல் அவரும் கூட்டாளிகளும் எழுதினார்கள்.

2003இல் ஜெர்மனியில், விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களில் எண்ணிப் பார்த்தார்கள். பிரஷர் இருந்த 10 பேருக்கு ஒரு சிறுநீரகத்தில் நடுத்தரமாக 7 லட்சம் நெஃப்ரான். இல்லாத 10 பேருக்கு 14 லட்சம். மொத்தமே 20 பேர்தான், அதை வைத்து உலகத்துக்கே விதி எழுத நான் சம்மதிக்க மாட்டேன். பிரஷருக்கு உப்பு, எடை, பரம்பரை என்று வேறு காரணங்களும் இருக்கின்றன. ஆனாலும் அலட்சியம் செய்யக்கூடிய வித்தியாசம் இல்லை அது.

உனக்கு எத்தனை இருக்கிறது என்று இப்போது எந்த டாக்டரும் எண்ணிச் சொல்லப்போவதில்லை. ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் அளவு நன்றாக இருப்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது, மிச்சம் இருப்பவை ஈடுகட்டிக்கொண்டிருக்கும். அதனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல். வீட்டில் ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வை. தலைவலிக்கு டைக்ளோஃபெனாக்கை மிட்டாய் மாதிரி போடுவதை நிறுத்து, அது சிறுநீரகத்துக்கு ஆகாது.

அப்பா சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துப் போடுகிறாரே லோசார்டான் என்ற பிரஷர் மாத்திரை, அது சிறுநீரக முடிச்சுக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகம் கெடுவதை அது தாமதப்படுத்துகிறது என்று 2001இல் காட்டிய ஆய்வின் முதல் பெயரும் பிரென்னர்தான். அதுக்காக ஊருக்கு வரும்போது அப்பா டப்பாவில் கை வைக்காதே! கர்ப்பமாக இருக்கும்போது அந்த வகை மாத்திரை சாப்பிட்டால் வயிற்றில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தையே பாதிக்கும். நீங்கள் இருவரும் அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றீர்களே, அதையும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடு.

ரிப்போர்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. "நார்மல்மா" என்று ஒரு வார்த்தையில் முடிக்காதே, எனக்கு நம்பர் வேண்டும்.

அம்மா