முதல் விமான மாடலுக்கு என்னென்ன வேணும்?

1/72 அளவுல (நிஜத்துல 72-ல ஒரு பங்கு) பிளாஸ்டிக் விமான மாடல் புதுசா கட்டுறவங்க, முதல் காசை நல்ல ஸ்புரூ கட்டருக்குப் போடுங்க, அதாவது பாகங்களை பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்கிற கட்டர். நகவெட்டி வேண்டாம், பிளாஸ்டிக் நசுங்கி வெள்ளைத் தழும்பு விழும். பாகத்திலிருந்து 2 மில்லிமீட்டர் தள்ளி வெட்டி, மிச்சத்தைக் கத்தியால சீவி, 400, 800, 1000 நம்பர் உப்புத்தாளால வரிசையா தண்ணி தொட்டுத் தேய்ங்க.

பசைக்கு, பச்சை மூடி போட்ட தமியா எக்ஸ்ட்ரா தின். ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிச்சு இடுக்குல தூரிகை நுனி பட்டாலே உள்ளே ஓடிடும். விரல் அந்த இடுக்கு மேல இருந்தா கைரேகை பதிஞ்சிடும், ஜாக்கிரதை. காக்பிட் கண்ணாடிக்கு மட்டும் வெள்ளைப் பசை. சூப்பர் குளூ ஆவி அதை மங்கலாக்கிடும்.

மூக்குச் சக்கரம் உள்ள விமானமா? உடலை ஒட்டுறதுக்கு முன்னாடியே மூக்குக்குள்ள தூண்டில் ஈயக் குண்டு வைங்க. இல்லாட்டி வால் குத்தி உட்காரும்.

மழை நாள்ல லாக்கர் (lacquer) பெயிண்ட் ஸ்பிரே அடிக்காதீங்க, நம்ம ஊர் ஈரப்பதத்துல வெள்ளை பூத்துடும். காரிடார்லயும் வேண்டாம், பக்கத்து வீட்டுத் துணி காயும்!